அது நிலம் இல்லீங்க, தண்ணியோட இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருங்குடி குப்பைமேடு பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படத்துக்குக் கீழ "மீட்கப்பட்ட நிலம்"னு போட்டிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத எழுதுறேன். அது நிலமே இல்லீங்க, பள்ளிக்கரணை கழுவெளியில, அதாவது மழைத்தண்ணி தேங்குற சதுப்புல, ஒரு துண்டு. சென்னையோட தெக்குப் பாதி குப்பைய வருஷக்கணக்கா கொட்டிக் கொட்டி நாமதான் அத மேடாக்கினோம்.

நான் துரைப்பாக்கத்துல இருபது வருஷமா இருக்கேன். பல்லாவரத்துல இருந்து 200 அடி ரோட்டுல பஸ்ல வர்றப்போ தூங்கிட்டாலும் பரவாயில்ல, இறங்குற இடத்த மூக்கு சொல்லிடும். 2022 ஏப்ரல் கடைசியில மேடு பத்திக்கிட்டு நாள்கணக்கா எரிஞ்சுது ஞாபகம் இருக்கா? அந்த வெயில்ல ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு கதவுக்கு அடியில ஈரத்துண்டு செருகிட்டு உக்காந்திருந்தோம், கொடியில கிடந்த வெள்ள வேட்டியில கருப்பு கருப்பா பொட்டு, தட்டுனா உதிரல, தேய்ச்சா பிசுபிசுன்னு இழுத்துக்கிட்டு வந்துச்சு.

அதனால பழைய குப்பைய தோண்டிச் சலிச்சுப் பிரிக்கிற இந்த பயோமைனிங் வேலைய குறை சொல்ல எனக்கு மனசு வரல. சுமார் 225 ஏக்கர், 350 கோடி ரூபாய் வேலை, சும்மா இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் கூட ஒரு தடவ உள்ள போய்ப் பார்த்தேன். பழைய குப்பைய வெட்டி எடுத்து, காய வச்சு, பெரிய பீப்பா மாதிரி சுத்துற சல்லடையில போடுறாங்க, மண்ணு ஒரு பக்கம் விழுது, கல்லு ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் கந்தலும் இன்னொரு பக்கம். அந்த பிளாஸ்டிக் சிமெண்ட் ஃபேக்டரிக்கு எரிக்கப் போகுதாம். எனக்கு மறக்காதது செருப்புதான். தனியா ஒரு குவியல், எல்லாம் ஒத்தச் செருப்பு, ரப்பர் ஸ்லிப்பர்ல வாரு கூட அப்படியே இருக்கு, கழுவிட்டு மாட்டிக்கிட்டு போலாம் போல. எந்த வருஷம் யார் தூக்கிப் போட்டதோ.

சரி, சலிச்சாச்சு. அடுத்து என்ன? பசுமைப் பூங்கா வரும்னு பேச்சு அடிபடுது. எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புல ஒரே சந்தோஷம், வாக்கிங் போலாம், ஃப்ளாட் ரேட் ஏறும்னு. தண்ணியா விட்டுடலாமேன்னு நான் ஒரு வரி போட்டேன், "சார் கொசு வளர்க்கச் சொல்றீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, அதுக்கு பதினேழு பேர் சிரிப்பு போட்டாங்க.

சிரிக்கட்டும். ஆனா 2015 வெள்ளத்துல இதே ஆளுங்க முதல் மாடியில ஏறி நின்னவங்கதான், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போவும் அதே கதைதான். சுத்துவட்டாரத்துல 250 சதுர கிலோமீட்டர் மழைத்தண்ணி, ஏரி ஏரியா நிரம்பி வழிஞ்சு, கடைசியில இந்தக் கழுவெளிக்குத்தான் வரணும், இங்க கொஞ்ச நாள் நின்னு, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அப்புறம் கோவளம் பக்கம் கடல்ல சேரணும். நிக்கிற இடத்துல ரோடு போட்டோம், ஆபீஸ் கட்டினோம், மீதி இடத்துல குப்பைய கொட்டினோம், தண்ணி எங்க போகும், நம்ம ஹாலுக்குத்தான் வரும். 2022ல, உலக அளவுல முக்கியமான சதுப்புகளோட ராம்சார் பட்டியல்ல, இதுல 1,247 ஹெக்டேர் சேர்ந்துச்சுன்னு எல்லா பேப்பர்லயும் போட்டாங்க, அந்தச் சதுப்பையே ஒட்டி கான்கிரீட் நடைபாதையும் போகஸ் லைட்டும் வச்சா அதுக்கு என்ன அர்த்தம்?

போன ஐப்பசியில சலிச்சு முடிச்ச ஒரு பள்ளத்துல முழங்கால் அளவு தண்ணி நின்னுது, ரோட்டோரத்துல இருந்தே தெரிஞ்சுது. யாரும் கூப்பிடல, பத்து நாள்ல நாமக்கோழி வந்து நீந்துது, ரெண்டு மூணு கூழைக்கடா கூட. பைக்க ஓரம் கட்டிட்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன், பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிச்சு திட்டினாரு.

அந்த லாரிய சொல்லணும். ஒரு பக்கம் பழசச் சலிக்கிறாங்க, இன்னொரு பக்கம் லாரி புதுசக் கொட்டிட்டுத்தான் இருந்துச்சு, கேட்டா தற்காலிகம்னு சொன்னாங்க. நியூயார்க்ல ஃபிரெஷ் கில்ஸ்னு ஒரு குப்பைமேடு, அதுவும் கடலோரச் சதுப்புதான், 1948ல தற்காலிகம்னு ஆரம்பிச்சது மூடுனப்போ 2001.

நான் சொல்றது நாளைக்கே தண்ணிய விட்டுடுங்கன்னு இல்ல. அடியில ஊறிக் கிடக்கிற கருப்புச் சகதிய எடுக்கணும், பழைய களிமண்ணு வர்ற வரைக்கும் தோண்டணும், டெஸ்ட் பண்ணணும், அதுக்கு வருஷம் ஆகும். சலிச்ச மண்ண வேற ஏதாவது தாங்கல்ல, அதாவது சின்ன ஏரியில, கொட்டி ரொப்பிடாம பார்த்துக்கணும், இல்லன்னா இங்க தொறந்து அங்க மூடுன கதைதான்.

உங்க நிருபர் அடுத்த தடவ அங்க போனா பூங்கா படத்த வாங்கிட்டு வரவேணாம். வேலை முடிஞ்சு ஒப்படைக்கிறப்போ தரைய எந்த மட்டத்துல விடப்போறாங்க, 200 அடி ரோட்டு மட்டத்துலயா, கழுவெளித் தண்ணி மட்டத்துலயா, இத மட்டும் கேட்டு எழுத்துல வாங்கிப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், துரைப்பாக்கம்