சர்வர் கேஷிங் போட்டுக் கொடுத்த விதம் பற்றிய புகார்

கோவில்பட்டி,
22.10.2025

அனுப்புநர்:
உங்கள் வி.பி.எஸ். (வாடகை சர்வர்) வாடிக்கையாளர்,
கடலை மிட்டாய்க் கடை, கோவில்பட்டி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், ஹோஸ்டிங் பிரிவு.

பொருள்: சர்வர் கேஷிங்கை (ஒரு தடவை உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து எல்லாருக்கும் கொடுப்பதை) தவறாக அமைத்ததால் ஒரு வாடிக்கையாளரின் முகவரி மற்றவர்களுக்குத் தெரிந்தது – லாக் கோப்புகளைப் பாதுகாக்கவும் விளக்கம் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

முதலில் அவசரமான விஷயம். உங்கள் சர்வரில் லாக் (யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவு) 14 நாள்தான் தங்கும். அக்டோபர் 9ஆம் தேதி லாக் நாளையோடு போய்விடும். கடிதம் முழுவதையும் படிக்க இப்போது நேரமில்லை என்றாலும், 9ஆம் தேதி இரவு 10 மணி முதல் 11ஆம் தேதி மாலை 5:30 வரையிலான லாக்கை இன்றே எடுத்துத் தனியே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இனி நடந்தது. மூன்று வருடமாக உங்களிடம் 2 கோர், 4 ஜிபி வி.பி.எஸ். வைத்திருக்கிறேன். தளம் நடப்பது வேர்ட்பிரஸில், அதன் மேல் கடைக்கு வூகாமர்ஸ். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். அதிலும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் போனால் வருடமே போன மாதிரி. அந்த நாட்களில் ஒரே நேரத்தில் முப்பது பேர் உள்ளே வந்தால் பக்கத்தை உருவாக்கும் பி.எச்.பி. திணறி 504 (நேரத்துக்குப் பதில் வரவில்லை) என்று காட்டிவிடும். இதைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டபோது விற்பனைப் பிரிவில் ஒருவர், “சர்வர் லெவல் கேஷிங் போட்டுக்குங்க சார், மாசம் 499 ரூபாய்தான், சைட் பறக்கும்” என்றார். மாசம் 499 கொடுத்தால் அவர்கள் எவ்வளவு கேஷ் தருவார்கள் என்று என் அப்பா கேட்டார். அவருக்குக் கேஷ் என்றால் கல்லாப்பெட்டி.

அப்பாவுக்கு நான் எங்கள் பட்டறையை வைத்தே விளக்கினேன். இப்போது ஒவ்வொருவர் வரும்போதும் புதிதாகப் பாகு காய்ச்சுகிறோம். ஒரு தடவை காய்ச்சிக் கொட்டி, வெட்டி அடுக்கி வைத்துவிட்டால் கேட்டவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கலாம். விலைப்பட்டியல், மிட்டாய்ப் படம், முகப்புப் பக்கம் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதானே. அவருக்குப் புரிந்தது. உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை என்பதுதான் என் புகார். கடையில் அடுக்கி வைக்கிற சரக்கு வேறு, பெயர் எழுதி ஒட்டிய பார்சல் வேறு.

9ஆம் தேதி இரவு பத்து மணி வாக்கில் கேஷிங் போட்டீர்கள். முதல் பைட் வர 1.8 விநாடி எடுத்த பக்கம் 0.1 விநாடிக்குள் வந்தது. சந்தோஷத்தில் பாதி ராத்திரி வரை பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மறைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அறுபது ஆர்டராவது வரவேண்டிய நாள். வந்தது ஆறு. இரண்டு பேர் வாட்ஸ்அப்பில், “மேலே கூடைப் படத்தில் 4 என்று இருக்கிறது, உள்ளே போனால் காலி” என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் நெட் சரியில்லை என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு.

சனிக்கிழமை காலை 10:40-க்கு மதுரையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். “தம்பி, என் கணக்குல அட்ரஸ் மாத்தலாம்னு போனா திருச்சில யாரோ ஒருத்தர் பேரு, வீட்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் காட்டுது. அப்போ என் அட்ரஸ் யாருக்குத் தெரியுது?” பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் அதே பக்கத்தைத் திறந்தேன். அதே திருச்சி முகவரி. கர்ல் என்ற கருவியைப் போட்டுப் பார்த்தால், பக்கத்தோடு வரும் குறிப்பு வரியான எக்ஸ்-கேஷ் ஹெடரில் ‘ஹிட்’. அதாவது அந்தப் பக்கம் வேர்ட்பிரஸிலிருந்து வரவே இல்லை, உங்கள் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து வந்தது. தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினேன். ஆனால் சேமித்த பக்கங்களை என்ஜின்எக்ஸ் அதற்கும் மேலே நின்று கொடுத்துக்கொண்டே இருந்தது! கேஷை அழிக்க எனக்கு அனுமதி இல்லை.

உங்கள் உதவி மையத்தில் பேசிய தம்பி, “பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க சார்” என்றார். மதுரையில் இருப்பவர் பிரவுசரில் திருச்சிக்காரர் முகவரி எப்படி வரும் என்று கேட்டேன். அடுத்து வந்தவர் பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) பிரச்சினை என்று சொல்லி டிக்கெட்டை மூடினார். மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடினார். மாலை 5:30-க்கு மூன்றாமவர் கேஷிங்கையே மொத்தமாக நிறுத்தினார். முகவரி தெரிவது நின்றது, சைட்டும் சேர்ந்து நின்றது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இல்லை, அதற்கும் முந்தைய ஞாயிறு, எங்களுக்கு அதுதான் பெரிய நாள். அன்று முழுக்க 504.

பிளகின் மேல் பழி போட்டதால்தான் அமைப்புக் கோப்பை நானே திறந்து படித்தேன். இரண்டு இடத்தில் தப்பு. என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷுக்கு நீங்கள் கொடுத்திருந்த கீயில் (எந்தப் பிரதி என்று தேட உதவும் அடையாளத்தில்) பக்கத்தின் இணைய முகவரியும் கோரிக்கை முறையும் மட்டும் இருக்கின்றன, வந்தவர் யார் என்று காட்டும் குக்கி இல்லை. யார் கேட்டாலும் ‘என் கணக்கு’ ஒரே பக்கம்தான். சரி, அது பரவாயில்லை. எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள், ஏனென்றால் என்ஜின்எக்ஸ் அதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. பதிலில் குக்கி கொடுக்கும் செட்-குக்கி ஹெடர் இருந்தாலோ, சேமிக்காதே என்று கேஷ்-கண்ட்ரோல் ஹெடர் சொன்னாலோ அது தானாகவே சேமிக்காது. வூகாமர்ஸும் கூடை, பணம் கட்டும் பக்கம், என் கணக்கு மூன்றிலும் சேமிக்காதே என்று சொல்லித்தான் அனுப்புகிறது. ஆனால் உங்கள் ஆள் கேஷ்-கண்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ், செட்-குக்கி மூன்று ஹெடரையும் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரி போலிருக்கிறது. ‘ஹிட்’ கணக்கு கூடும், அதற்காகப் போட்டிருப்பார். அந்த வரியைப் போடுகிறவர் அதற்குப் பதிலாக எந்தக் குக்கி இருந்தால், எந்தப் பக்கமென்றால் கேஷைத் தாண்டிப் போகவேண்டும் என்று எழுதியாக வேண்டும். அது ஒரு வரிகூட இல்லை.

சேமித்த பக்கத்தின் ஆயுள் 60 நிமிடம் என்று இருந்தது. ஆக, மணிக்கொரு தடவை முதலில் உள்ளே வந்தவரின் பக்கம் அடுத்த ஒரு மணி நேரம் ஊருக்கெல்லாம் காட்டப்பட்டிருக்கிறது. அந்த முதல் ஆளின் கூடை காலியாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் எல்லார் கூடையும் காலி. வெள்ளிக்கிழமை ஆறே ஆர்டர் வந்த ரகசியம் அதுதான். கூடைப் படத்தில் மட்டும் 4 என்று சரியாக வந்தது, அந்த எண் தனியாக, கேஷில் சேராத போஸ்ட் கோரிக்கையில் (விவரம் அனுப்பிப் பதில் வாங்கும் முறையில்) வருவதால். இன்னொன்று, செட்-குக்கியையும் பக்கத்தோடு சேர்த்துச் சேமித்து அடுத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் எல்லா வாடிக்கையாளர் செஷனையும் (லாகின், கூடை நிலையை) நானே அழித்தேன்.

கேஷிங்கில் இப்படி நடப்பது புதிதல்ல. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையிலேயே இதே கோளாறு. தாக்குதலைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட கேஷ் விதி சரியில்லாமல், சுமார் 34,000 பேருடைய பக்கங்கள் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் சில நாளிலேயே எழுதியது. பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து தெரிவிப்போம் என்றும் சொன்னது. நீங்கள் பதினோரு நாளாக என்னிடம் ‘டிக்கெட் குளோஸ்டு’ என்ற இரண்டு வார்த்தைதான் சொல்லியிருக்கிறீர்கள்.

14ஆம் தேதி, எதையெல்லாம் கேஷில் சேர்க்கக்கூடாது என்ற விலக்கு வரிகளை நானே எழுதி அனுப்பினேன். போஸ்ட் கோரிக்கையும் வினவல் சரமும் (இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது) வேண்டாம். லாகின் குக்கியோ கூடைக் குக்கியோ இருந்தால் வேண்டாம். கூடை, பணம் கட்டும் பக்கம், என் கணக்கு எதுவும் வேண்டாம். அந்த மூன்று ஹெடர் வரியை எடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வரி. உங்கள் ஆள் அப்படியே ஒட்டினார், இருபது நிமிட வேலை. இப்போது மிட்டாய்ப் பக்கங்கள் ‘ஹிட்’, என் கணக்கு ‘பைபாஸ்’, அதாவது கேஷைத் தாண்டிப் போகிறது. சைட் பறக்கத்தான் செய்கிறது. 499 ரூபாய்க்கு நீங்கள் செய்யவேண்டியதை நான் செய்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த 43 மணி நேரத்தில் கணக்குப் பக்கமும் பணம் கட்டும் பக்கமும் எந்த நேரத்தில் யார் யாருக்குப் போயின என்று லாக்கிலிருந்து எடுத்துக் கொடுங்கள். அதை வைத்துத்தான் என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லமுடியும். திருச்சிக்காரரிடம் மட்டும் நேரில் பேசி மன்னிப்புக் கேட்டுவிட்டேன், மற்றவர்கள் யார் என்றே தெரியவில்லை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக அமலுக்கு வந்தால் நீங்கள் செய்த பிழைக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும், விவரத்தை வாங்கியவன் நான் என்பதால். அடுத்து, தவறு பிளகினில் இல்லை, உங்கள் அமைப்பில்தான் என்று எழுத்தில் வேண்டும். கேஷிங் கட்டணத்தையும் அக்டோபர் மாத வி.பி.எஸ். வாடகையையும் திருப்பித் தாருங்கள். போன வியாபாரத்துக்கு நான் கணக்குக் கேட்கவில்லை, கேட்டாலும் உங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு வழி வைத்திருக்க மாட்டீர்கள். இதே அமைப்பை இன்னும் எத்தனை வூகாமர்ஸ் கடைகளில் ஒட்டியிருக்கிறீர்களோ, அவற்றையும் பாருங்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான், வியாபார வாடிக்கையாளர் என்று தள்ளிவிட முடியாது. பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோவில்பட்டி.

பி.கு.: நேற்று உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து அழைத்து, ரெடிஸ் கேஷும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் இன்னும் வேகமாக இருக்கும், மாதம் 299 தான் என்றார்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.