டேவிட் கேமரனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டேவிட் கேமரன் அவர்களுக்கு,

வணக்கம். 2016 ஜூன் 23 அன்று, பிரிட்டன் பிரதமராக இருந்த நீங்கள் நடத்திய பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் வாக்குரிமை உண்டு என்பதால், ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கலாமா, விலகலாமா என்று என்னையும் கேட்டீர்கள். நீடிக்கலாம் என்றேன், என் பக்கம் தோற்றது. தோற்றதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வாக்கெடுப்பு என்றால் ஒரு தரப்பு தோற்கத்தான் வேண்டும். ஆனால் இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும் நீடிக்க வாக்களித்தவருக்கும் மனம் ஆறவில்லை, விலக வாக்களித்தவருக்கும் மனம் ஆறவில்லை. இரு தரப்பின் கோபமும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

வாக்குச்சீட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன. நீடித்தல் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். நேற்றுவரை இருந்தது, கூடவே பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நீங்கள் கேட்டு வாங்கி வந்த சில சலுகைகள். விலகுதல் என்றால் என்ன? நார்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே நின்றபடி ஒற்றைச் சந்தைக்குள் இருப்பதா, கனடாவைப் போல வர்த்தக ஒப்பந்தம் மட்டும் செய்துகொள்வதா, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் பொது விதிகளோடு வெளியேறுவதா? அயர்லாந்துத் தீவில், அயர்லாந்து நாட்டுக்கும் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளும் எல்லையில் மறுபடி சுங்கச் சாவடி வருமா? இவற்றில் ஒன்றுக்கும் வாக்குச்சீட்டில் விடை இல்லை என்பதில் வியப்பில்லை. எந்த அரசு ஆவணத்திலும் இல்லை என்பதுதான் கொடுமை. விலகல் அணியினர் மேடைக்கு ஒரு பதில் சொன்னார்கள். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர்வலம் விட்டார்கள். அந்த எண் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே கண்டித்த பிறகும் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் இதே வகையான இன்னொரு வாக்கெடுப்பைக் கண்டவர் நீங்கள். 2012 அக்டோபரில் எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள். ஐக்கிய இராச்சியத்திலிருந்து பிரிவதா என்று 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து வாக்களித்தது. அங்கே பிரிய வேண்டும் என்று கேட்டவர்கள் ஆட்சியில் இருந்தார்கள். ஆகவே பிரிந்த பின் என்ன என்பதை 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட வெள்ளை அறிக்கையாக அவர்கள் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அதை வரிவரியாகப் பிடித்துக் கிழித்தது உங்கள் அரசு. எந்த நாணயத்தை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டீர்கள். பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று உங்கள் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் கையை விரித்தார். 55 சதவீதத்தினர் பிரிவினையை மறுத்தார்கள். அந்த முடிவு பிடிக்காதவர்கள் ஏராளம். ஆனால் எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று கேட்டார்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. 16, 17 வயதினருக்கும் அங்கே வாக்கு இருந்தது. 2016இல் அதுவும் இல்லை.

உங்களுக்குப் பிறகு அயர்லாந்து இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தது. கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பிலிருந்து நீக்குவது பற்றி 2018 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தபோது, தடை நீங்கினால் எப்படிப்பட்ட சட்டம் வரும் என்பதன் வரைவை அரசு முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. அதற்கும் முன்னால் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பேரவை ஒன்று அந்தப் பொருளைப் பல மாதங்கள் விவாதித்திருந்தது. 66 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். தோற்றவர்கள் வருந்தினார்கள், ஏமாற்றப்பட்டதாகச் சொல்லவில்லை.

நீங்களோ எதிர்த்தரப்பிடம் திட்டத்தை எழுதித் தரச் சொல்லவும் இல்லை, உங்கள் அதிகாரிகளை எழுதவைக்கவும் இல்லை. விலகல் வென்றால் என்ன செய்வது என்று திட்டமிடும்படி அரசுத் துறைகளுக்கு உத்தரவிடாமல் விட்டதைப் பெரும் அலட்சியம் என்று மக்களவையின் வெளியுறவுக் குழு 2016 ஜூலையில் எழுதியது. அந்தக் குழுவின் தலைவர் உங்கள் கட்சிக்காரர். ஆழம் தெரியாமல் காலை விடுவது ஒருவருடைய சொந்த வாழ்க்கையில் நடந்தால் நட்டம் அவரோடு போகும். 6 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு அதைச் செய்யும் உரிமை ஒரு பிரதமருக்கு எங்கிருந்து வந்தது? தோற்றாலும் பதவியில் நீடிப்பேன், ஒன்றிய ஒப்பந்தத்தில் விலகலுக்கான 50ஆம் பிரிவின் நடைமுறையை உடனே தொடங்குவேன் என்று சொல்லியிருந்த நீங்கள், மறுநாள் காலை டௌனிங் தெரு வாசலில் பதவி விலகலை அறிவித்தீர்கள். செப்டம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் விட்டுவிட்டீர்கள்.

அதற்குப் பின் நடந்ததை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். விலகலுக்குக் கிடைத்த 51.9 சதவீதம் என்ற ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஆளாளுக்குத் தாம் விரும்பிய விலகலே மக்கள் தீர்ப்பு என்றார்கள். உங்களுக்குப் பின் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் மக்களவையில் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. மார்ச் 27 இரவு நாடாளுமன்ற நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒப்பந்தத்துக்கு மாற்றாக வந்த எட்டுத் தீர்மானங்களின் முடிவுகளைச் சபாநாயகர் ஜான் பெர்கோ ஒவ்வொன்றாகப் படித்தார். சுங்க ஒன்றியம், பொதுச் சந்தை, மறுவாக்கெடுப்பு, ஒப்பந்தமில்லா விலகல் என்று வரிசையாக எட்டும் விழுந்தன. ஏப்ரல் 1 அன்று சுங்க ஒன்றியத் தீர்மானம் மறுபடி வந்து மூன்றே வாக்குகளில் தோற்றது. உறுப்பினர்களைக் கையாலாகாதவர்கள் என்று நாடே திட்டியது. நான் அப்படித் திட்டமாட்டேன். 2016க்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலையை 2019இல், கெடு நெருக்கும் நேரத்தில், அவர்கள் தலையில் கட்டியிருந்தீர்கள்.

யாரைக் கேட்டீர்கள் என்பதையும் பேச வேண்டும். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் நெதர்லாந்துக்குப் போய், அந்நாட்டுக் குடிமக்களாகி, பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்கவைக்க வேண்டும் என்று பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து இப்படி இங்கே வந்த ஈழத்தமிழர்கள் அநேகர். அவர்களுடைய வீடு, கடை, வரி எல்லாமே இங்கேதான். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஒன்றியத்துக் குடிமக்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவருக்கு மட்டும்தான் வாக்கு இருந்தது. அந்த ஆண்டு படிக்க வந்திருந்த சென்னை மாணவருக்கு வாக்கு உண்டு. யாருடைய குடியிருப்பு உரிமையே தீர்ப்புக்கு வந்ததோ அந்தக் கடைக்காரருக்கு இல்லை. முடிவு வந்த வாரத்தில் அந்த அண்ணன் என்னிடம், "தம்பி, நீங்கள் போட்டீர்களோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவர்கள் குடும்பத்தோடு விண்ணப்பித்துக் குடியிருப்புத் தகுதியைப் பெற்றுக்கொண்டார்கள்.

விலக வாக்களித்தவர்களை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்வது லண்டனில் ஒரு வழக்கமாகிவிட்டது; எனக்கு அதில் உடன்பாடில்லை. லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விலகச் சொன்னார்கள். வயல் வேலைக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்த ஊர் அது; மருத்துவமனையும் பள்ளியும் வீடும் அதே வேகத்தில் வளரவில்லை. குடியேற்றத்தைப் பல்லாயிரம் என்ற அளவுக்குக் குறைப்பேன் என்று 2010இல் வாக்குறுதி தந்தவர் நீங்கள். ஒன்றியத்துக்குள் சுதந்திர நடமாட்டம் இருக்கும்வரை அதை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே 2015 தேர்தலிலும் அதையே இலக்கு என்றீர்கள். பாஸ்டன்காரர்கள் உங்கள் பேச்சை நம்பி, அதற்குப் பொருந்தும் கட்டத்தில்தான் குறியிட்டார்கள். விலகிய பிறகு என்ன ஆயிற்று? 2023ஆம் ஆண்டு வாக்கில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைச் சுற்றி நின்றது. வந்தவர்களில் இந்திய மாணவர்களும் செவிலியர்களும் பெரும் பங்கு; எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு, அதற்கு நான் வருந்த முடியாது. ஆனால் பாஸ்டன்காரரின் இடத்தில் நின்று பார்த்தால், தான் வென்றும் ஏமாந்ததாக அவர் நினைப்பதில் தவறென்ன?

வட அயர்லாந்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அங்கே 55.8 சதவீதத்தினர் நீடிக்கச் சொன்னார்கள். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் ஒன்றாக டெர்ரிக்குப் போய், 1998 அமைதி உடன்பாட்டுக்கே ஆபத்து என்று எச்சரித்தார்கள். உங்கள் கட்சியைச் சேர்ந்த மேஜரே சொன்ன பிறகும், எல்லைக் கேள்விக்கு ஒரு திட்டமாவது எழுதி வைக்க உங்களுக்குத் தோன்றவில்லை.

2023 நவம்பரில் வெளியுறவு அமைச்சராகத் திரும்பி வந்தீர்கள். அதற்காகப் பிரபு பட்டமும் பெற்றீர்கள். பிரபுக்கள் அவையில் உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஈராக் போருக்குப் போன முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று ஜான் சில்காட் குழு விசாரித்து, உங்கள் வாக்கெடுப்பு முடிந்த இரண்டாம் வாரத்தில் அறிக்கை தந்தது. 2016 வாக்கெடுப்புக்கு அப்படி ஒரு விசாரணை நடக்கவில்லை. மீண்டும் ஒன்றியத்தில் சேர வேண்டும் என்பதற்காக அதை நான் கேட்கவில்லை. அது வேறு விவாதம். விலகலுக்கு ஏன் திட்டம் வகுக்கப்படவில்லை, வாக்குரிமைப் பட்டியலை யார் எப்படி முடிவு செய்தார்கள், விலகல் அணியிடம் எழுத்தில் ஒரு திட்டத்தை ஏன் கேட்கவில்லை என்ற இந்த மூன்று கேள்விகளையும் விசாரிக்க ஒரு குழு அமைக்கும்படி, அந்த அவையில் எழுந்து நீங்களே கோர வேண்டும். குழு அமைந்தால் முதல் சாட்சியாகவும் வர வேண்டும்.

இப்படிக்கு,
லண்டனில் வாழும் ஒரு தமிழ் வாக்காளன்