முகப்பில் 10,000 வாட், முதுகில் 60 வாட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலையொட்டி ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்குவதற்காகத் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். அட்டைப்பெட்டியின் முகப்பில் ‘10,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டிருந்தார்கள். விற்பனையாளர் ஒரு சினிமாப் பாட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, “பேஸ் எப்படி அதிருது பாருங்க சார்” என்றார். அதிர்ந்தது என்னவோ உண்மைதான்.

வீட்டில் ஒயரை மாட்டுவதற்காகத் திருப்பியபோதுதான், பின்புறம் ஒட்டியிருந்த தபால்தலை அளவு ஸ்டிக்கரில் ‘மின் நுகர்வு 60 வாட்’ என்றிருந்ததைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 230 வோல்ட் மின்சாரம் வரும் 6 ஆம்பியர் பிளக்கிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியதே 1,380 வாட்தான் என்னும்போது, அதில் செருகும் பெட்டி 10,000 வாட்டுக்கு எங்கே போகும்? பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சத் திறன் இது என்று தயாரிப்பாளர் தம் விருப்பப்படி போட்டுக்கொள்ளும் கணக்கு. அதை அளப்பதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே கிடையாது. தொடர்ந்து தரும் திறனைக் காட்டும் ஆர்.எம்.எஸ். அளவைத் தேடியதில், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 40 வாட் என்றிருந்தது. எங்கள் கூடத்துக்கு அது தாராளம். அதைச் சொல்லி விற்றிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

வாட் கூடினால் ஒலியின் தரமும் கூடும் என்ற எண்ணத்தையும் இவ்விளம்பரங்கள்தாம் வளர்க்கின்றன. வாட்டை இரட்டித்தால் கூடுவது, சத்தத்தை அளக்கும் அலகில் 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வாட் வேண்டும். அதுவும் சத்தத்தின் கணக்கேயன்றித் தெளிவின் கணக்கு அன்று. எங்கள் செட்டில் நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டால், தவிலின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) குடத்துக்குள் இடிப்பதுபோல் கேட்கிறது. நாகஸ்வரமோ அடுத்த தெருவிலிருந்து வருகிறது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, “எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் சார் போடுறாங்க” என்றார். அவரை மட்டும் நொந்து பயனில்லை. ஆம்ப்ளிஃபயரின் திறனை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1974-லேயே விதி வகுத்திருக்கிறார்கள். இங்கும் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் செய்யலாம். ஆனால், வாங்கிய பிறகு புகார் எழுதும் நிலைக்கு நுகர்வோரைத் தள்ளாமல், ஆர்.எம்.எஸ். அளவையும், அது எத்தனை ஓம் (மின்தடை அலகு) ஸ்பீக்கரில், எவ்வளவு ஒலிச்சிதைவோடு அளக்கப்பட்டது என்பதையும் பெட்டியின் முகப்பிலேயே, அந்த 10,000 அச்சாகியிருக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.