லெனாவை எடுத்துவிட்டேன், சார்

சார்,

ஜூலையில் அச்சுக்குப் போகும் இமேஜ் பிராசஸிங் லேப் மேனுவலில் லெனா இல்லை, படங்களைக் கணினியில் திருத்தும் முறைகளைச் சோதிக்க ஆண்டாண்டாய் எல்லோரும் எடுத்துக்கொண்ட அந்தப் பெண்ணின் படம். துறைக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. முன்மொழிந்தது நான்தான். உங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் மட்டும் என்னைக் கூப்பிட்டா கேட்டீர்கள்? பழைய மாணவர் குரூப்பில் "இது தணிக்கை" என்று போட்டுவிட்டீர்கள். அதனால் பதிலும் பொதுவிலேயே. கல்லூரிப் பெயரை எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

படத்தின் கதையை எங்களுக்குச் சொன்னவரே நீங்கள்தான், பாதியை. 1973-இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் செய்தது, 512-க்கு 512 பிக்சல், தொப்பி இறகில் நுணுக்கம், கன்னத்தில் மென்மையான நிழல். நிர்வாணப் படங்கள் போடும் பிளேபாய் பத்திரிகையின் 1972 நவம்பர் நடுப்பக்கம் என்கிற மீதியைப் பின்வரிசைப் பையன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான்.

அன்று மீடியன் ஃபில்டர் பயிற்சி, படத்தில் சிதறிய புள்ளிகளை நீக்கும் முறை. என் திரையில் புள்ளிகள் மறைந்து முகம் தெளிகிறது, பக்கத்துத் திரையில் வெட்டாத முழுப் படம். லேப் முழுக்க விசில். நீங்கள் வந்து அந்த மானிட்டரை அணைத்தீர்கள். "தோளுக்கு மேல மட்டும் பாருங்கப்பா" என்றீர்கள். இன்னொரு சிரிப்பு. பெண்கள் நாங்களும் சிரித்து வைத்தோம், வேறு என்ன செய்ய? வைவாவிலும் அதே படம். பதில் தெரிந்தும் என் கண் கீபோர்டை விட்டு எழவில்லை. "நிமிர்ந்து பேசும்மா" என்று மார்க்கைக் குறைத்தீர்கள்.

ஓமலூர் பஸ் வராத மாலைகளில், நான் ஏறும்வரை ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்றவரும் நீங்கள்தான். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, எம்.இ. சேரச் சொன்னீர்கள். அப்பாவிடம் வந்து பேசினீர்கள். அதற்கு மேல் இங்கே வேண்டாம், வீட்டில் படிக்கிறார்கள்.

சரி, தணிக்கை. 2024 ஏப்ரல் 1 முதல், ஆய்வுப் பத்திரிகைகள் நடத்தும் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டி அந்தப் படம் உள்ள புதுக் கட்டுரைகளை ஏற்பதில்லை. தடைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தன் பக்கத்தில் எதைப் போடுவது என்பது பத்திரிகையின் பாடு. பழைய கட்டுரைகளில் படம் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் தடையில்லை, இதோ நாம் பேசுகிறோமே. வெட்டியதைத்தான் தணிக்கை என்பீர்களானால், 1973-இல் தோளுக்குக் கீழே வெட்டினார்களே, அதை என்ன சொல்வது? அந்த வெட்டு இல்லையென்றால் நீங்களே வகுப்பில் காட்டியிருக்க மாட்டீர்கள்.

"1997-இல் லெனாவே இமேஜிங் மாநாட்டுக்கு வந்தாரே" என்பீர்கள். வந்தார். மாடலிங்கை விட்டு எப்போதோ ஓய்வு பெற்றாயிற்று, தொழில்நுட்பத்தை விட்டும் ஓய்வு பெறும் நேரம் இது என்று 2019 ஆவணப்படத்தில் சொன்னவரும் அவரேதான். முதலாவது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

படத்தை மாற்றினால் பழைய ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட முடியாது என்கிற உங்கள் வாதம்தான் எனக்கு உறுத்துகிறது. அது உண்மை. ஆனால் பி.இ. மாணவன் ஃபில்டர் போட்டுப் பழக அது எதற்கு? ஏற்காட்டில் எடுத்த படம் ஒன்று போட்டிருக்கிறோம்: சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, பின்னால் பனிமூட்டம். நுணுக்கமும் இருக்கிறது, தட்டையான பரப்பும் இருக்கிறது. "மேனி நிறத்துக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாமியாரைக் கேட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் உட்காருவேன் என்றார், சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். ஜரிகை ஓரத்தில் எந்த ஃபில்டரும் திணறுகிறது, அவ்வளவு நல்ல சோதனைப் படம்.

மேனுவல் முகப்பில் உங்கள் பெயர் எப்போதும்போல முதலில் இருக்கும். வேண்டாமென்றால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். அதையும் தணிக்கை என்று குரூப்பில் போடாதீர்கள்.