கண்ணாடியில் தெரியாத இடம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ லைசென்ஸ் வாங்கிய இடம் வந்ததும், “ஐம்பத்தாறு வயசுல எட்டு போட்டுட்டாளா! சமத்து” என்று கையைத் தட்டினாள். அவளுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். மற்றபடி சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரி. அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியிருப்பது பெரிய நிம்மதி. காலை நடையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அவினாசி ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் என் மனது நின்றுவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. போன மாதம் எனக்கு ஒன்று நடந்தது. சொன்னால் நீ வண்டியையே தொடமாட்டாய் என்று போனில் பேசும்போது மறைத்துவிட்டேன். இப்போது நீ ரோட்டுக்கே வந்துவிட்டாய். இனிமேல் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

தூத்துக்குடியில் சித்தியின் பேத்திக்குக் காதுகுத்து. முடித்துவிட்டு நான் மட்டும் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாகைக்குளம் தாண்டி, வல்லநாடு வருவதற்கு முன்னால், வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று மெதுவாகப் போனது. வலப்பக்கம் ஏறி அதைத் தாண்டினேன். மறுபடி இடப்பக்கம் வர இண்டிகேட்டர் போட்டேன். நடுக் கண்ணாடியைப் பார்த்தேன், வாழைத்தார் வண்டி தூரத்தில் இருந்தது. இடக் கண்ணாடியைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினேன். காதோரம் ஹாரன் அலறியது.

இடப்பக்கப் பின்கதவை ஒட்டி ஒரு பைக். ஓட்டியவருக்கு முன்னால் டேங்கின் மேல் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண், பின்னால் அதன் அம்மா. பக்கத்துச் சாலையிலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று மண்ணில் இறங்கிவிட்டார், விழவில்லை. ஓரம் கட்டிவிட்டு இறங்கி ஓடினேன். அவர் திட்டவில்லை. “கண்ணாடி பார்க்க மாட்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்தேன் செல்வி. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பார்க்காமல் திரும்பியிருந்தால் இனிமேல் பார்ப்போம் என்று முடிவு செய்துவிட்டுப் போகலாம். பார்த்தும் தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

மறுநாள் தம்பி மகன் வந்திருந்தான். தெரு முனைக் காலி மனையில் காரை நிறுத்தினேன். நான் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவனைச் சைக்கிளைத் தள்ளியபடி காரைச் சுற்றி மெதுவாக வரச் சொன்னேன். நான் தலையைத் திருப்ப மாட்டேன், மூன்று கண்ணாடிகளை மட்டும் பார்ப்பேன். அவன் எங்கே மறைகிறானோ அங்கே கோலப்பொடியால் ஒரு கோடு. எங்கே மறுபடி தெரிகிறானோ அங்கே இன்னொரு கோடு. முடித்துவிட்டு இறங்கிப் பார்த்தபோது, காரின் இரண்டு பக்கமும் பின்கதவிலிருந்து விசிறி மாதிரி விரிந்த இரண்டு இடங்கள். அதில் ஒன்றில் அவன் சைக்கிளோடு நின்று கையை ஆட்டியிருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லை. பைக் என்ன, ஒரு காரே அதற்குள் ஒளிந்துகொள்ளலாம்.

சரி, அப்போது பக்கக் கண்ணாடியில் எனக்கு என்னதான் தெரிந்தது? என் காரின் கதவும் கைப்பிடியும் பின்சக்கரமும். மிச்ச இடத்தில், நடுக் கண்ணாடி ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கும் அதே ரோடு. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் வைத்துக்கொடுத்தார். உனக்கும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். மூன்று கண்ணாடியும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன, பக்கத்தில் வருகிறவனை ஒன்றுமே காட்டவில்லை.

நீ விலங்கியலில் நடத்துவாயே, விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை, அதுதான் குருட்டுப் புள்ளி என்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தாளில் சிலுவையையும் புள்ளியையும் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் புள்ளி மறைவதைக் கண்டு கத்துவார்கள். காரில் மறைவதையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். கண்ணில் உள்ளதை நாம் நகர்த்த முடியாது. காரில் உள்ளது பெரும்பாலும் கண்ணாடியை நாம் வைத்த கோணத்தால் வருவது.

இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜார்ஜ் பிளாட்சர் என்று ஒரு அமெரிக்கப் பொறியாளர், 1995-ல் அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கமாக இன்னும் திருப்பி வையுங்கள், பின்பக்கத்தை நடுக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும் என்பதுதான் சாரம். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம், ஆகவே கண்ணாடியை 5 டிகிரி திருப்பினால் எதிரொளித்த கதிர் 10 டிகிரி திரும்பும். முப்பது வருஷமாக, மின்னோட்டத்தை அளக்கும் கால்வனாமீட்டரை வைத்து நான் நடத்துகிற பாடம் இது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாலே போதும், பார்வை இரண்டு மடங்கு நகர்ந்துவிடும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முதலில் சீட்டைச் சரிசெய்துகொள், கால், கை, முதுகு எல்லாம் வசதியாக இருக்கட்டும். சீட் மாறினால் கண் இருக்கும் இடம் மாறும், கண்ணாடி எல்லாம் தப்பாகிவிடும். அண்ணன் உன்னைவிட ஒரு சாண் உயரம். அவர் ஓட்டிவிட்டு இறங்கினால் அப்படியே ஏறி உட்காராதே. அடுத்து நடுக் கண்ணாடி. காரின் பின்பக்க ஜன்னல் முழுசும் அதில் தெரிய வேண்டும். பின்சீட்டு மேல் தலையணை, துணிப்பை என்று எதையும் அடுக்காதே.

இப்போது வலப்பக்கம். தலையைச் சாய்த்து வலக் கதவின் ஜன்னலில் ஒட்டுகிற அளவுக்குக் கொண்டுபோ. அந்த நிலையிலிருந்து பார்க்கும்போது உன் காரின் பக்கவாட்டு ஒரு கீற்றாக மட்டும் தெரிகிற வரை வலக் கண்ணாடியை வெளியே தள்ளு. இடப்பக்கத்துக்கு, தலையை நடுவில் கொண்டுவா, கியருக்கு நேர் மேலே, நடுக் கண்ணாடிக்கு அடியில். அங்கிருந்து பார்த்து, காரின் இடப்பக்கம் மட்டும் கீற்றாகத் தெரிகிற மாதிரி வை. நிமிர்ந்து உட்கார்ந்ததும் இரண்டு கண்ணாடியிலும் உன் கார் தெரியாது. அதுதான் சரியான நிலை. அமெரிக்கக் குறிப்புகளில் இடமும் வலமும் மாற்றி எழுதியிருப்பார்கள், அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். குழம்பிவிடாதே.

சரியாக வைத்தோமா என்று ரோட்டில்தான் தெரியும். யாராவது உன்னை வலப்பக்கம் தாண்டட்டும். அந்த வண்டி நடுக் கண்ணாடியில் வரும். அங்கிருந்து முழுசாக நழுவும் முன்னே வலக் கண்ணாடியில் வந்துவிடும். வலக் கண்ணாடியை விட்டுப் போகும் முன்னே உன் கடைக்கண்ணில் பட்டுவிடும். நடுவில் எங்கேயும் காணாமல் போகக் கூடாது. போனால் இன்னும் கொஞ்சம் திருப்பு. தம்பி மகனை வைத்து மறுபடி கோலப்பொடி போட்டேன். விசிறி இருந்த இடத்தில் மெலிசாக ஒரு பட்டைதான் மிச்சம்.

முதல் வாரம் மனது ஒப்பவில்லை. என் கார் தெரியாத கண்ணாடி, கரையில்லாத ஆறு மாதிரி இருந்தது. இடக்கண்ணாடியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கை தானாகக் கண்ணாடியைத் திருப்பும் சுவிட்சுக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு நாளில் பழகிவிட்டது.

ஆனால் இதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. அந்த ஊர் ரோடு வேறு, நம் ரோடு வேறு. இங்கே பைக் ஓட்டுகிறவர்கள் இடப்பக்கம், ஒரு முழ இடைவெளியில்கூட நுழைந்து வருவார்கள். காரின் பின்மூலையை ஒட்டியே வருகிறவர், காரின் கூரையைத் தாங்கும் பின்தூண் மறைப்பதால் நடுக் கண்ணாடியிலும் தப்பலாம், வெளியே திருப்பிய பக்கக் கண்ணாடியிலும் தப்பலாம். அதனால் நான் சந்தை நேரத்தில் முருகன்குறிச்சிப் பக்கம் போகும்போது தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பேன். தலை அசைந்தால் கண்ணாடியில் தெரிவதும் நகரும். இடம் மாறும் முன் கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதையும் விடுவதில்லை. அந்த ஒரு பார்வை அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் குழந்தை அப்படி என்னைப் பார்த்திருக்காது.

ரிவர்ஸ் எடுக்கும்போதும் சாக்கடை ஓரம் நிறுத்தும்போதும் காரின் பக்கவாட்டு தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கண்ணாடியை மாற்றாதே. தலையைச் சாய்த்தால் போதும், பின்சக்கரம் தெரிந்துவிடும்.

அப்புறம் இடக் கண்ணாடி குவி ஆடி. உனக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நினைவிருக்கும், குவி ஆடியில் எப்போதும் நேரான, சிறிதான மாய பிம்பம்தான். நிறைய இடத்தைக் காட்டும், ஆனால் சிறிதாகக் காட்டும். சிறிதாகத் தெரிவதை நம் மனது தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியின் அடியில் எழுதியிருப்பார்களே, தெரிவதைவிட வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று, அதற்காகத்தான். யாராவது இருக்கிறாரா என்பதற்குப் பக்கக் கண்ணாடி, எவ்வளவு தூரம் என்பதற்குச் சமதளமான நடுக் கண்ணாடி, இப்படித்தான் நான் பழகிக்கொண்டேன்.

நான் எதிர்பாராத ஒரு லாபம் இரவில் கிடைத்தது. பின்னால் வருகிறவர் ஹைபீம் போட்டால் முன்பெல்லாம் மூன்று கண்ணாடியிலிருந்தும் கண்ணில் அடிக்கும். இப்போது பக்கக் கண்ணாடிகள் நேர் பின்னால் பார்ப்பதில்லை, அதனால் நடுக் கண்ணாடி ஒன்றுதான் கூசுகிறது. அதன் அடியில் உள்ள சின்னப் பிடியை இழுத்துவிட்டால் அதுவும் அடங்கிவிடும். போன வாரம் மதுரையிலிருந்து ராத்திரி திரும்பினேன். கண் எரியவில்லை, தலைவலி இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எடுத்துவைத்த இன்னொரு செய்தி. 1911-ல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹாரூன் தன் காரில் கண்ணாடி மாட்டி ஓட்டி ஜெயித்தார், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு அதுவே தொடக்கம் என்பார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1909-ல், டொரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண், கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது தூக்கிப் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார். அவரே பந்தயத்தில் ஓட்டியவர். பெண்களுக்கு ஓட்டத் தெரியாது என்று உன் தெருவில் யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல். பெரிய மாமாவின் அம்பாசடரில் இடப்பக்கம் கண்ணாடியே கிடையாது, நினைவிருக்கிறதா? அதில் எட்டுப் பேர் ஏறி குற்றாலம் போய் வந்தோம். நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

லாரி பக்கத்தில் போகும்போது ஒன்றை மறக்காதே. அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் உனக்குத் தெரியாவிட்டால் உன்னையும் அவர் பார்க்க முடியாது. அவருடைய இடப்பக்கமும் முகப்புக்கு நேர் கீழும் அவருக்குப் பெரிய மறைவு. அங்கே நிற்காதே, ஒன்று பின்னால் இரு, அல்லது சீக்கிரம் தாண்டிப் போ. உன் மகன் பைக்கில் காலேஜ் போகிறானே, அவனிடம் இதை நீயே உட்காரவைத்துச் சொல்.

நிறுத்திய பிறகு கதவைத் திறக்கும் விஷயமும் இருக்கிறது. வலக்கதவை இடக்கையால் திற. கை குறுக்கே போகும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள், பைக் கண்ணில் படும். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கம் என்பார்கள். 2022-ல் பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்திலும் சேர்த்திருக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரவர் வீட்டில் அப்பாக்களை விரட்டுகிறார்களாம்.

பொங்கலுக்கு நீ வருவதாகச் சொன்னாயே, ரயிலில்தானே? காரில் என்றால் அண்ணனும் நீயும் மாறி மாறி ஓட்டுங்கள், திண்டுக்கல்லில் இறங்கி ஒரு மணி நேரமாவது இருங்கள். அம்மா உனக்காக உளுந்தங்களி கிண்டுவேன் என்கிறாள், முட்டி வலியை மறந்துவிட்டு.

பதில் எழுது. இடக் கண்ணாடியில் உன் காரின் கைப்பிடி தெரிகிறதா என்று முதல் வரியிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
வசந்தா