தாம்பரத்துல வீடு பாக்க ஐப்பசி மழையில வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாரக் கடைசியில வர்ற வீட்டுமனை பக்கத்தை நான் விடாம படிக்கிறவ. தாம்பரம் பக்கம் போடுற விளம்பரம் எல்லாத்துலயும் ஸ்டேஷன் 10 நிமிஷம், ஏர்போர்ட் 20 நிமிஷம், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஸ்கூல் ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம்னு இருக்கே ஒழிய, மழை பெஞ்சா அந்தத் தெருவுல தண்ணி நிக்குமா வடியுமான்னு ஒரு வரி கிடையாது. அதைப் பத்தித்தான் எழுதுறேன்.

திருநெல்வேலி, மதுரை, நாகர்கோவில் பக்கத்துல இருந்து வேலைக்கு வர்ற பிள்ளைங்க மொதல்ல தேடுறது தாம்பரம், பெருங்களத்தூர்தான், ஊருக்குப் போக பஸ்ஸோ ரயிலோ ஏறுறது சுலபம்னு. எங்க சொந்தத்துலயும் யாருக்காவது இங்க வேலை கிடைச்சா "அத்தை, எந்த ஏரியா நல்லாருக்கும்"னு எனக்குத்தான் போன் வரும், நான் சேலையூர்ல ரொம்ப வருஷமா இருக்கேன்ல. சித்திரை வெயில்ல வந்து வீடு பாக்காத, ஐப்பசி கார்த்திகையில வா, அதுவும் ரெண்டு நாள் விடாம ஊத்துனப்புறம் வான்னுதான் சொல்லுவேன். அவங்க கேக்குறதில்ல, அது வேற விஷயம். மே மாசம் ஸ்கூல் லீவுல வந்து பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிடுவாங்க.

2015 டிசம்பர் ஆரம்பத்துல ஒரே நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ. மழை பெஞ்சுது. மேற்குப் பக்கம் இருக்கிற முடிச்சூர், வரதராஜபுரத்துல மாடிக்கு ஏறி நின்ன ஜனங்களைப் போட்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அடையாற்றை அகலப்படுத்துனாங்க, கால்வாய் கட்டுனாங்க, பலனே இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அதே ஏரியாவுல திரும்ப தண்ணி நின்னுச்சு. ஆத்துப் படுகைக்குப் பக்கத்துல தாழ்வா இருக்கிற இடம், அது என்ன பண்ணும். கிழக்குப் பக்கம் மட்டும் ஒஸ்தியான்னா அதுவும் இல்ல. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம்னு இங்க பூரா ஏரிதான், செம்பாக்கம் ஏரி நிறைஞ்சா நன்மங்கலம், கீழ்க்கட்டளைன்னு ஒண்ணுக்கு ஒண்ணு வழிஞ்சு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும், நடுவுல கால்வாயை வீடு கட்டி அடைச்சா தண்ணி தெருவுலதான் நிக்கும். ஈசான்ய மூலை எங்கன்னு காம்பஸ் வச்சுப் பாக்குற ஆளுங்க, ஏரி எந்த மூலையில இருக்கு, நிறைஞ்ச தண்ணி வழிஞ்சு வெளிய போற அதோட கலங்கல் எந்தப் பக்கம் தொறக்குதுன்னு மட்டும் பாக்க மாட்டேங்குறாங்க.

வெயில் காலத்துலதான் வர முடியும்னா அப்பவும் தெருவே காட்டிக் குடுக்கும். ஈ.பி. மீட்டர் பாக்ஸ் சாதாரணமா இருக்கிற உயரத்துல இல்லாம தலைக்கு மேல ஏத்தி வச்சிருக்கா, மோட்டாரைக் கீழ இருந்து எடுத்து படிக்கட்டுத் திண்டுல வச்சிருக்காங்களா, வாசல்ல ரெண்டு செங்கல் உயரத்துக்கு அணை மாதிரி கட்டி அதைத் தாண்டி உள்ள போறாங்களா, காம்பவுண்டு சுவத்துல பெயின்ட் ஒரே மட்டத்துக்கு உரிஞ்சு நிக்குதா, இதெல்லாம் இருந்தா அங்க தண்ணி வந்து போயிருக்குன்னு அர்த்தம். பழைய வீடுங்க ரோட்டை விட பள்ளத்துல கிடக்கும், ஏன்னா பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காம அது மேலயே புது ரோடு போட்டுப் போட்டு ரோடு ஒசந்துக்கிட்டே போயிடுச்சு. ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குற வேலை நடக்குற தெருன்னா, நீங்க யாரையும் கேக்கவே வேண்டாம். புரோக்கர் கூட போறப்போ எல்லாம் நல்லா இருக்கும், அவரை அனுப்பிட்டு தனியா ஒரு தடவை போய் முக்குல அயர்ன் பண்றவரையோ பால் பாக்கெட் போடுறவங்களையோ கேளுங்க, எந்த வீடு வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு கதவு நம்பரோட சொல்லுவாங்க.

அடுத்தது குடிக்கிற, குளிக்கிற தண்ணி. பாத்ரூம் குழாய் வாயைப் பாருங்க, வெள்ளையா உப்பு பூத்திருந்தா போர் தண்ணிதான், கொஞ்ச நாள்ல கீசர் போயிடும். பாதாள சாக்கடை வந்துடுச்சா செப்டிக் டேங்கான்னும் கேட்டுக்கணும், மழையில டேங்க் நிறைஞ்சு வழியுறப்போ லாரிக்காரர் சொல்றதுதான் ரேட்டு.

சொந்தமா வாங்குறவங்க பத்திரமும் வில்லங்கமும் பாத்தாச்சுன்னு திருப்தியா இருந்துடுறாங்க. சர்வே நம்பரை வச்சு அரசாங்கத்தோட இ-சேவை சைட்ல அ-பதிவேடும், அதாவது அந்த நிலம் என்ன வகைன்னு அரசாங்கம் எழுதி வச்சிருக்கிற பதிவும் பாருங்க, புறம்போக்கான்னு அதுல தெரிஞ்சுடும். அப்ரூவ்டு பிளாட்னு சொன்னாலும் எப்ப அப்ரூவ் ஆச்சுன்னு கேக்கணும், ஏன்னா 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட அங்கீகாரம் இல்லாத மனைங்களை வரன்முறைப்படுத்த 2017ல அரசு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, அந்த வகையில வந்ததும் சட்டப்படி சரிதான், ஆனா அந்த லேஅவுட் போட்டப்போ மழைநீர் எங்க போகும்னு யாரு யோசிச்சிருப்பா?

இன்னொண்ணு, மேற்கு தாம்பரம்னு போர்டுல இருந்தா மாநகராட்சின்னு நெனைச்சுடக் கூடாது. 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சி ஆனப்போ பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிங்க, சிட்லபாக்கம், பெருங்களத்தூர் மாதிரி பேரூராட்சிங்க எல்லாம் சேந்துச்சு, முடிச்சூர் அப்ப ஊராட்சியாவே வெளிய நின்னுச்சு. குப்பைக்கும் தெருவிளக்குக்கும் யார் கிட்ட போய் நிக்கணும்ங்கிறது அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி தெரியணும். வாடகைக்கு வர்றவங்களுக்குக் கூட இது முக்கியம். என்னைக் கேட்டா வாங்குற ஆசை இருக்கிறவங்களும் அந்த ஏரியாவுலயே ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாத்துட்டு வாங்கட்டும், வாடகை வீணாப் போகுதேன்னு புலம்புறவங்க இ.எம்.ஐ. கட்டிக்கிட்டே மாடியில உக்காந்திருக்கிறதை யோசிச்சுப் பாக்கணும்.

இப்ப உங்ககிட்ட கேக்குறது இதுதான் ஐயா. வீட்டுமனை பக்கத்துல ஒவ்வொரு ஏரியாவுக்கும் சதுர அடி ரேட்டு போடுறீங்க, அது கூடவே 2015லயும் 2023லயும் அங்க எந்தெந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சுன்னு உங்க நிருபர்களை விட்டு விசாரிச்சுப் போடுங்க. அப்போ எழுதுன செய்தியெல்லாம் உங்க ஆபீஸ்லயே இருக்குமே. விளம்பரம் குடுக்குறவங்க கோவிச்சுக்குவாங்கன்னா, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வாசகர் கடிதம் பகுதியிலயாவது அந்தந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க எழுத கொஞ்சம் இடம் ஒதுக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலையூர், கிழக்கு தாம்பரம்.