லேபில் பென்டிரைவ் தடை: கணினி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

தர்மபுரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அரூரில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மாணவர்கள் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் போயிருக்கும், மற்றதெல்லாம் நன்றாகவே ஓடும். புது டிஸ்க் விலையைக் கேட்டதும் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள்.

பள்ளிக் கணினி லேபில் பென்டிரைவ் கூடாது என்று நீங்கள் சொல்வதைக் குறை சொல்லவில்லை. பென்டிரைவ் வழியே பரவும் ஷார்ட்கட் வைரஸ் படுத்தும் பாடு எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே பூட் செய்ய, அதாவது அதைக் கொண்டே கணினியைத் தொடங்க, அனுமதியுங்கள். அப்போது லேபின் விண்டோஸ் ஓடவே ஓடாது. விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸுக்கு அங்கே வேலையும் இல்லை. 11ஆம் வகுப்புப் பாடநூலில் லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு இருக்கிறது, 12இல் பைத்தான் நிரல் மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் இருக்கின்றன. என் கடைக்கு வரும் பிள்ளைகளில் பலர் உபுண்டுவைப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி.

32 ஜிபி பென்டிரைவ் ஒன்று, அதைப் பூட் ஆகும்படி தயார் செய்யும் ரூஃபஸ் என்ற மென்பொருள், உபுண்டு முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு. இவ்வளவுதான் தேவை. ரூஃபஸில் ‘பெர்சிஸ்டென்ட் பார்டிஷன் சைஸ்’ என்று ஒரு பட்டை வரும். முதலில் அது பூஜ்யத்தில்தான் நிற்கும். கவனிக்காமல் ஸ்டார்ட் அழுத்தினால் சிஸ்டம் ஓடும், ஆனால் ஆஃப் செய்ததும் எழுதிய நிரலும் இன்ஸ்டால் செய்ததும் காணாமல் போய்விடும். “சேவ் ஆகமாட்டேங்குது அண்ணா” என்று வருகிற பையன்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். பட்டையை 15 ஜிபிக்கு நகர்த்திவிட்டால் மாற்றங்கள் மட்டும் தனிப் பகுதியில் எழுதப்படும். மூல சிஸ்டம் அப்படியே இருக்கும். லேபில் பாதியில் விட்ட பைத்தான் நிரலை, டிஸ்க்கே இல்லாத வீட்டு லேப்டாப்பில் அதே இடத்திலிருந்து தொடரலாம். பழைய லேப்டாப்புக்கு உபுண்டு கனம் என்றால் அதன் இலகுவான வடிவமான லுபுண்டு போதும்.

முழு அப்டேட் மட்டும் வேண்டாம். புது கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இறங்கி இடத்தை அடைக்கும், பூட் ஆவதோ பழைய கெர்னல்தான்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பூட் செய்கிறவன் லேபின் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து மதிப்பெண் பட்டியலைப் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யாதவரை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டாதவரை, விண்டோஸ் பாஸ்வேர்டு தடுக்காது. அதனால் எல்லா சிஸ்டத்தையும் திறந்துவிடாதீர்கள். இரண்டு மூன்றில் டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு அவற்றில் மட்டும் யூஎஸ்பி பூட்டுக்கு வழி விடுங்கள், மற்றவற்றில் யூஎஸ்பி பூட்டை அணைத்து, அதை யாரும் மாற்றாதபடி பயாஸுக்கு (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புக்கு) பாஸ்வேர்டு போடுங்கள். டிஸ்க் செத்து மூலையில் கிடக்கும் சிஸ்டம் இருந்தால் இன்னும் வசதி. யூபிஎஸ் உள்ள பெஞ்சாகவும் பாருங்கள். எழுதும்போது கரண்ட் போனால் சேமித்த பகுதியே கெட்டுவிடலாம்.

பென்டிரைவ் தயார் செய்ய உங்களுக்கு நேரமில்லையா, சனிக்கிழமை மதியம் பிள்ளைகளை அனுப்புங்கள். காசு வேண்டாம். பென்டிரைவில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முன்பே காப்பி எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரூர் சர்வீஸ் கடைக்காரன்